மலேரியா வந்த குழந்தைக்கு பிளேட்லெட் குறைவது ஏன்? அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். 2012லும் 2017லும் டெங்கு பெரிதாகப் பரவியபோது நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. டெங்குவுக்கு அது ஓரளவு பொருந்தும். ரிப்போர்ட்டில் மலேரியா என்று வரும்போதும் அதே கண்ணோடு பார்ப்பதால்தான் குழப்பம். "வைவாக்ஸ் (மலேரியாக் கிருமியில் ஒரு வகை) பாசிட்டிவ், பிளேட்லெட் 48,000" என்று இருந்தால் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ரத்த வங்கிக்குப் போன் போகிறது, பப்பாளி இலை அரைபடுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுகிறது. இத்தனைக்கும் நடுவில் மலேரியா மாத்திரையின் முதல் வேளை தள்ளிப்போகிறது.

மலேரியாவில் பிளேட்லெட் குறைவு என்பது தனியாக வந்த இன்னொரு நோய் அல்ல. ரத்தத்தில் கிருமி பெருகினால் அது இறங்கும்; கிருமி ஒழிந்தால் பெரும்பாலும் தானே ஏறிவிடும். எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் எண்

பிளேட்லெட் என்பது தட்டணு. எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்ற பெரிய செல் ஒன்று உண்டு. அதிலிருந்து சிறு துண்டுகளாகப் பிய்ந்து ரத்தத்தில் கலப்பவைதான் தட்டணுக்கள். ஆயுள் 8 முதல் 10 நாள். ரத்தக் குழாயில் எங்காவது கீறல் விழுந்தால் முதலில் வந்து ஒட்டிக்கொள்பவை இவை. உடலில் உள்ள தட்டணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கும். இந்த மண்ணீரல் விஷயம் பின்னால் தேவைப்படும்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் குறைவு. 50,000க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்று பெரும்பாலான மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

ஒரே அளவை ஒரு லேப் 48,000 என்று அச்சிடும், இன்னொரு லேப் 0.48 லட்சம் என்று போடும், மூன்றாவது வெறும் 48 என்று போட்டுவிட்டு அலகைப் பக்கத்தில் பொடி எழுத்தில் தரும். நாற்பத்தெட்டுதான் மிச்சம் என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. அது ஆயிரத்தால் பெருக்க வேண்டிய 48. நேற்று ஒரு லேப், இன்று இன்னொரு லேப் என்று எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

## இது எவ்வளவு சகஜம்?

ரொம்பவே சகஜம். உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளில் மலேரியா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் மேல் பிளேட்லெட் குறைவு இருந்திருக்கிறது. கென்யாவின் கிலிஃபியில் குழந்தைகளிடம் செய்து 2002ல் வெளியான ஆய்வு ஒன்றிலும் பாதிக்கு மேல்தான். காய்ச்சலோடு வரும் குழந்தைக்குப் பிளேட்லெட் குறைந்திருந்து, மலேரியா உள்ள ஊரில் இருந்து வந்திருந்தால், மலேரியாவுக்கும் சேர்த்துச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. துப்பாக இந்த எண் மிக நல்ல எண். அபாயமணியாக அவ்வளவு நம்பகமானது இல்லை.

இந்தியாவில் முக்கியமாக இரண்டு வகைக் கிருமிகள். ஒன்று பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களின் காட்டுப் பகுதிகளில் அதிகம். உயிரைக் குடிப்பதில் இதற்குத்தான் பேர். இன்னொன்று வைவாக்ஸ். சென்னையில் மலேரியா என்றால் பெரும்பாலும் இதுதான். மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு பரப்புவது. வைவாக்ஸ் சாதுவானது என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. ராஜஸ்தானின் பிகானேரிலிருந்து 2005 முதல் வந்த அறிக்கைகள் அதைக் கலைத்தன. வைவாக்ஸ் மட்டுமே இருந்த நோயாளிகளுக்கும் பல உறுப்புகள் பாதிக்கப்பட்டதையும், பிளேட்லெட் கடுமையாக இறங்கியதையும் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே பிளேட்லெட் 30,000 என்றால் அது ஃபால்சிபாரமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது.

## ஏன் குறைகிறது?

முதலில் ஒரு தெளிவு: உற்பத்தி பெரும்பாலும் நிற்பதில்லை. மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் மெகாகாரியோசைட்டுகள் இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். புதிதாக வரும் தட்டணுக்கள் பெரிய அளவில் இருக்கும், ரிப்போர்ட்டில் தட்டணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.பி.வி. என்ற வரி சற்று ஏறியிருப்பதற்கு இதுவே காரணம். பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ரத்தத்துக்குள் வந்த சரக்கு நிற்பதில்லை. அது போகும் வழிகள் நான்கு.

1. மண்ணீரல் பிடித்துவைக்கிறது. மலேரியாவில் மண்ணீரல் வீங்கும். வயிற்றின் இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே மருத்துவர் விரல் வைத்துப் பார்ப்பது இதைத்தான். மண்ணீரல் மிகவும் வீங்கினால் வழக்கமான மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக மிகப் பெரும் பங்கு அங்கேயே தங்கிவிடும். இவை அழிந்தவை அல்ல. ஊசி குத்தும் ரத்தக் குழாயில் இல்லை, அவ்வளவுதான். வீக்கம் வடியும்போது எண் சட்டென்று ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

2. எதிர்ப்பணுக்கள் (ஆன்டிபாடி) ஒட்டிக்கொள்கின்றன. கிருமிக்கு எதிராகக் கிளம்பும் நோயெதிர்ப்பு கொஞ்சம் அத்துமீறி, தட்டணுவின் மேலும் படிகிறது. அப்படிப் படிந்தவற்றை மண்ணீரலும் கல்லீரலும் விழுங்கிவிடுகின்றன. வழக்கமாக 8 நாளாவது இருக்கும் தட்டணு இதனால் சில நாளிலேயே போய்விடுகிறது.

3. ரத்தக் குழாயின் உட்சுவர் இழுத்துக்கொள்கிறது. ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய குழாய்களின் சுவரில் ஒட்டும் குணமுள்ளவை. அந்தச் சுவர் கோபமடைந்து வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரத இழைகளை வெளியே தள்ளும். சாதாரண நாட்களில் அவற்றை ஒரு நொதி உடனுக்குடன் நறுக்கிவிடும். கடும் மலேரியாவில் அந்த நொதியின் வேலை மந்தமாகிறது. நறுக்கப்படாத இழைகளில் தட்டணுக்கள் சரம் சரமாக மாட்டிக்கொள்கின்றன.

4. தட்டணுக்களே கிருமியோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகின்றன.

நான்காவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரத்தம் உறைய வைப்பதைத் தவிரத் தட்டணுவுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் பலகாலம் நினைத்திருந்தார்கள். 2009ல் வெளியான ஆய்வு ஒன்றில், தட்டணுக்கள் கிருமி புகுந்த சிவப்பணுவைத் தேடி ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்வதைக் கண்டார்கள். ஆஸ்பிரின் போட்டால் அந்தக் கொல்லும் திறன் சோதனைக்குழாயில் அடங்கிப்போனது. 2012ல் அடுத்த கட்டம். தட்டணு வெளியிடும் பிளேட்லெட் ஃபேக்டர் 4 என்ற புரதம் சிவப்பணுவுக்குள் நுழைந்து கிருமியின் உணவுப்பையைக் கிழிக்கிறது. அது நுழைவதற்கு சிவப்பணுவின் மேல் உள்ள டஃபி என்ற புரதம் வாசலாக இருக்கிறது. 2018ல் நோயாளிகளின் ரத்தத்திலேயே பார்த்தபோது, தட்டணு ஒட்டியிருந்த சிவப்பணுக்களுக்குள் செத்த கிருமிகள் அதிகமாக இருந்தன.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. வைவாக்ஸ் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைவதும் பெரும்பாலும் இதே டஃபி வாசல் வழியாகத்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு சிவப்பணுவின் மேல் டஃபி இல்லை. அதனால் வைவாக்ஸ் அங்கே அரிது. ஆனால் வாசல் இல்லை என்றால் தட்டணுவின் ஆயுதத்துக்கும் வழி இல்லை. ஃபால்சிபாரம் அதே பகுதியில் குழந்தைகளை அதிகம் கொல்வதற்கு இதுவும் ஒரு பங்காக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். ஊகம்தான், ஆனால் யோசிக்க வைக்கும் ஊகம்.

தட்டணு எப்போதும் நம் பக்கம்தானா என்றால் அதுவும் இல்லை. கிருமி ஏறிய சிவப்பணுக்களை ஒன்றோடொன்றும், குழாய்ச் சுவரோடும் ஒட்டவைக்கும் பசையாகவும் அது வேலை செய்கிறது. மலாவியில் மூளை மலேரியாவில் இறந்த குழந்தைகளின் மூளை நுண்குழாய்களில் தட்டணுக்கள் குவிந்திருந்ததை 2003ல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் காவல், முற்றியபின் அடைப்பு. ரிப்போர்ட்டில் வரும் ஒரே எண் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

## இவ்வளவு குறைந்தும் ரத்தம் கசிவதில்லையே?

பெற்றோருக்கு இதுதான் ஆச்சரியம். பிளேட்லெட் 25,000, ஆனால் பிள்ளை காய்ச்சல் இறங்கிய இடைவெளியில் இட்லி கேட்கிறது. மூக்கில் ரத்தம் இல்லை, தோலில் புள்ளி இல்லை.

மலேரியாவில் பெரிய ரத்தக்கசிவு அரிது. இருக்கும் தட்டணுக்கள் இளசு, பெரிது, சுறுசுறுப்பானவை. எண்ணிக்கைக் குறைவை ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. பொதுவாகவே, வேறு கோளாறு இல்லாத உடலில் 20,000க்கு மேல் இருக்கும்வரை தானாகப் பெரிய ரத்தக்கசிவு வருவது குறைவு. கசிந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறொன்று இருக்கும்: ரத்தம் உறையும் அமைப்பே கலைந்துபோயிருக்கும், கல்லீரல் அடிவாங்கியிருக்கும், அல்லது கூடவே பாக்டீரியா தொற்று இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் கடுமையான மலேரியா எது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நினைவு தடுமாறுவது, எழுந்து உட்கார முடியாத சோர்வு, திரும்பத் திரும்ப வலிப்பு, மூச்சுத் திணறல், ரத்தச் சர்க்கரை 40க்குக் கீழே போவது, குழந்தைக்கு ஹீமோகுளோபின் 5க்கு இறங்குவது, சிறுநீரகம் செயலிழப்பது, ரத்தக்கசிவு எல்லாம் அதில் உண்டு. பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் கிடையாது. மறந்து விட்டதல்ல. எண் தனியாக நின்று யார் பிழைப்பார், யார் பிழைக்கமாட்டார் என்று சொல்லவில்லை, அதனால் சேர்க்கவில்லை.

## டெங்குவோடு வைத்துப் பார்த்தால்

இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் பிளேட்லெட் குறைவு. ஆனால் வேறுபாடுகள் பெரிது.

1. நேரம். டெங்குவில் பிளேட்லெட் விறுவிறுவென்று இறங்குவது காய்ச்சல் விடும் சமயத்தில், ஏறக்குறைய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் ஆபத்து. மலேரியாவில் முதல்முறை ரத்தம் எடுக்கும்போதே, காய்ச்சல் கொதிக்கும்போதே எண் குறைந்திருக்கும். மருந்து வேலை செய்து காய்ச்சல் அடங்கும்போது எண்ணும் சேர்ந்து ஏறும்.

2. உண்மையான ஆபத்து எது. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறி ரத்தம் கெட்டியாவது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. என்ற வரி ஏறும். மலேரியாவில் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் நீர்த்துப்போவது. அதே வரி இறங்கும். ஒரே தாளில் ஒரே வரி, எதிரெதிர் திசை.

3. மருந்து. டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. நீர்ச்சத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மலேரியாவுக்குக் கிருமியையே கொல்லும் மருந்து கையில் இருக்கிறது. காத்திருப்பதுதான் இங்கே ஆபத்து.

4. சலைன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்குவில் அதிர்ச்சி நிலைக்குப் போகும் குழந்தைக்குச் சலைன்தான் உயிர். அதே கையோடு மலேரியா குழந்தைக்கும் வேகமாகச் சலைன் ஏற்றினால் நல்லது என்று தோன்றும். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்து 2011ல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு இதற்கு நேர்மாறாகக் காட்டியது. கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் தளர்ந்து வந்த குழந்தைகள் அவர்கள்; பாதிக்கு மேல் மலேரியா. வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். சோதனையைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள்.

இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே சமயத்தில் வருவதும் உண்டு. டெங்கு பாசிட்டிவ் என்று வந்ததும் மலேரியா சோதனையை விட்டுவிடுவது சரியல்ல. பிளேட்லெட்டைக் குறைக்கும் வேறு காய்ச்சல்களும் நம் ஊரில் இருக்கின்றன: எலிக்காய்ச்சல், டைபாய்டு, அப்புறம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்கிரப் டைஃபஸ். வேலூர் வட்டாரத்தில் இது சர்வசாதாரணம். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுப்புத் தழும்பு தெரிந்தால் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

இலங்கையில் நிலைமை வேறு. உள்நாட்டிலேயே பரவிவந்த கிருமியால் வந்த கடைசி மலேரியா 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அங்கே காய்ச்சலும் பிளேட்லெட் குறைவும் சேர்ந்தால் எல்லோர் மனமும் டெங்குவுக்குத்தான் போகும். இந்தியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ போய்வந்த குடும்பம் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சென்னையில் இருப்பவர்களும் ஒடிசா போய்வந்திருந்தால் அப்படித்தான்.

## குறைவு எப்போது அபாயம்? ஆய்வுகள் ஒத்துப்போகாத இடம்

கிலிஃபி ஆய்வில், பிளேட்லெட் குறைவு கிருமியின் எண்ணிக்கையோடு சேர்ந்து வந்தது. ரத்தக்கசிவோடும் இறப்போடும் அதற்குத் தொடர்பு தெரியவில்லை. அதே 2002ல் செனகலின் டாக்கரிலிருந்து வந்த ஆய்வில், பிளேட்லெட் குறைந்த குழந்தைகளுக்கு நோய் கடுமையாகவும் இறப்பு அதிகமாகவும் இருந்தது. இரண்டும் ஆப்பிரிக்கா, இரண்டும் ஃபால்சிபாரம், இரண்டும் குழந்தைகள். முடிவு மட்டும் வேறு.

பின்னர் 2015ல் இந்தோனேசியாவின் பப்புவாவிலிருந்து லட்சக்கணக்கான மலேரியா பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிளேட்லெட் 50,000க்குக் கீழே போனவர்களிடம் இறப்பு அதிகம் என்றது. அதோடு கடும் ரத்தசோகையும் சேர்ந்தவர்களிடம் அது இன்னும் அதிகம் என்றது. எனக்குப் பயனுள்ளதாகத் தெரிவது இந்த இரண்டாவது செய்திதான். தனியாக நிற்கும் குறைவு வேறு. கூட்டாளியோடு வரும் குறைவு வேறு.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள்: பிளேட்லெட் வரிக்குச் சற்று மேலே இருக்கும் ஹீமோகுளோபினைப் பாருங்கள். மலேரியாவில் குழந்தையைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தசோகை, மூளை பாதிப்பு, மூச்சுத் திணறல், சர்க்கரை இறக்கம் போன்றவைதான். 2023ல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்ததாக மதிப்பிடப்பட்ட 5.97 லட்சம் பேரில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அவர்களில் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் சிறு பகுதிதான்.

பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை இவை. ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி:

- தண்ணீர், பால் எதுவும் குடிக்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தி
- கூப்பிட்டால் சரியாகப் பார்க்காத மயக்கம், வலிப்பு
- வேகமான அல்லது ஆழமான மூச்சு
- உள்ளங்கை, கீழிமை வெளிறிப்போவது; கண் மஞ்சளாவது
- சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, அல்லது மிகக் குறைந்து போவது
- மூக்கு, ஈறு, மலத்தில் ரத்தம். தோலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்

## எண்ணே தப்பாக இருக்கலாம்

தானியங்கி கருவி பொய் சொல்லும் இடங்கள் உண்டு. ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருடைய ரத்தத்தில் அதுவே தட்டணுக்களைத் திரள வைத்துவிடும். குழந்தை அழுது புரண்டு, நரம்பு கிடைக்காமல் துளித்துளியாக எடுத்த ரத்தத்திலும் திரளும். பத்துப் பதினைந்து ஒட்டிக்கொண்ட திரளைக் கருவி தட்டணுவாகவே எண்ணாது. மலேரியாவில் வரும் பெரிய தட்டணுக்களைச் சிவப்பணு என்று நினைத்து ஒதுக்கிவிடுவதும் நடக்கும்.

இதற்குத் தீர்வு பழைய மைக்ராஸ்கோப்தான். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்துச் சாயமிட்டு, எண்ணெய் லென்ஸில் பார்ப்பார்கள். ஒரு பார்வை வட்டத்தில் தெரியும் ஒரு தட்டணு ஏறக்குறைய 15,000க்குச் சமம். சராசரியாகப் பத்து தெரிந்தால் எண்ணிக்கை 1.5 லட்சத்தை ஒட்டியது. தகட்டின் வால் பகுதியில் திரள்கள் கிடந்தால் கருவியின் எண்ணைத் தள்ளிவிட்டு, நீல மூடிக் குழாயில் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். அதே தகட்டில் மலேரியா கிருமியும் தெரியும் என்பது இலவச லாபம். பிளேட்லெட் எதிர்பாராமல் மிகக் குறைவாக வந்தால், பதறுவதற்கு முன்னால் "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

முதல் ஸ்மியரில் கிருமி இல்லை என்றாலும் மலேரியா இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை பார்ப்பார்கள். அட்டை வடிவ ரேபிட் டெஸ்ட் கைகொடுக்கும். ஆனால் ஃபால்சிபாரத்துக்கான கோடு குணமான பிறகும் சில வாரங்கள் தெரியும் என்பதால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அது உதவாது.

## சிகிச்சை: கிருமிக்கு, எண்ணுக்கு அல்ல

வைவாக்ஸுக்கு இந்திய நடைமுறையில் மூன்று நாள் குளோரோகுயின். கல்லீரலில் பதுங்கியிருக்கும் கிருமிக்கு 14 நாள் பிரைமாகுயின். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து. கடுமையான மலேரியா என்றால் எந்த வகையானாலும் நரம்பில் ஆர்ட்டிசுனேட் ஊசி. ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010ல் வெளியான ஆய்வில், குயினைன் போட்டவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் 8.5 சதவீதம். குயினைன் பின்வரிசைக்குப் போனது அதற்குப் பிறகுதான். குயினைனுக்கு இன்னொரு குணமும் உண்டு: சிலருக்கு அதுவே பிளேட்லெட்டைத் தடாலென்று இறக்கிவிடும்.

சரியான மருந்து தொடங்கியபின் மூன்று நான்கு நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் இயல்புக்கு வந்துவிடும். முதல் நாளோ இரண்டாம் நாளோ இன்னும் கொஞ்சம் இறங்கினால் அதை மருந்தின் தோல்வி என்று எடுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு இயல்பைத் தாண்டி ஏறிவிட்டு, பிறகு நிலைக்கு வரும். அதற்கும் மருந்து வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களில் செய்யக்கூடாதவை: ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தரக்கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல். தசையில் போடும் ஊசிகளைத் தவிர்ப்பது நல்லது. பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. அது மலேரியா கிருமியைக் கொல்லும் என்பதற்குப் பிள்ளையை நம்பிக் கொடுக்கும் அளவுக்குச் சான்று இல்லை. கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்தால், அரைமணி முன்பு விழுங்கிய மலேரியா மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அதுதான் என் கவலை.

## பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா?

ரத்தம் கசிந்தால், ஆம். அறுவை சிகிச்சை போல எதுவும் செய்ய வேண்டியிருந்தாலும் சரி. எண் 10,000க்குக் கீழே போனால் கசிவு இல்லாவிட்டாலும் பல மருத்துவர்கள் யோசிப்பார்கள். அதற்கு மேலே, ரத்தக்கசிவு எதுவும் இல்லாத மலேரியா குழந்தைக்கு எண்ணைப் பார்த்து மட்டும் ஏற்றுவதால் நன்மை என்று சான்று இல்லை.

காரணம் மேலே சொன்னதுதான். ஏற்றிய தட்டணுவும் அதே மண்ணீரலுக்கும், அதே எதிர்ப்பணுவுக்கும், அதே ஒட்டும் சுவருக்கும்தான் போகிறது. காலையில் ஏற்றினால் மாலையில் எண் பழைய இடத்துக்கே வந்திருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். பிளேட்லெட் பையை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே, 5 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். குளிரில் வைக்காததால் பாக்டீரியா வளரும் வாய்ப்பு மற்ற ரத்தப் பொருட்களைவிட இதில் கூடுதல். ஒவ்வாமையும் நடுக்கமும் வரலாம். ஏற்கனவே மூச்சு வாங்கும் குழந்தைக்கு அந்த அளவு திரவமே சுமை.

ஏற்றச் சொல்லிப் பெற்றோர்தான் நெருக்குகிறார்கள் என்று மருத்துவர்களும், மருத்துவர்தான் பயமுறுத்தினார் என்று பெற்றோரும் சொல்வது வழக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. "கசிவு இருக்கிறதா, இல்லை எண்ணுக்காகவா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பேச்சு தெளிவாகிவிடும்.

## எண் ஏறவில்லை என்றால்

மருந்து தொடங்கி ஐந்து நாள் ஆகியும் அசையவில்லை என்றால் மருத்துவர் வரிசையாகப் பார்ப்பவை:

1. மருந்து உள்ளே போனதா? வாந்தி, பாதியில் நிறுத்தியது, எடைக்குக் குறைந்த அளவு.
2. ஸ்மியரில் கிருமி இன்னும் இருக்கிறதா? வைவாக்ஸ் என்று நினைத்ததோடு ஃபால்சிபாரமும் கலந்திருந்ததா?
3. டெங்கு, ஸ்கிரப் டைஃபஸ், பாக்டீரியா தொற்று எதுவும் கூட இருக்கிறதா?
4. குயினைன் போன்ற மருந்தின் வேலையா?
5. ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் மிக ஏறி, மூன்று வகை ரத்த அணுக்களும் இறங்கினால், நோயெதிர்ப்பு கட்டுமீறி ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை.
6. எதுவும் பொருந்தாவிட்டால் மஜ்ஜையின் நோய். கழுத்தில் கட்டி, எலும்பு வலி, வெளிறல் சேர்ந்தால் தாமதிக்கக்கூடாது.

ஆறாவது அரிது. ஆனாலும் மலேரியா வந்தது, அதனால்தான் குறைந்தது என்று மாதக்கணக்கில் விட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குணமான இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை எடுத்து, எண் இயல்புக்கு வந்ததை உறுதி செய்துகொண்டால் போதும்.

வைவாக்ஸ் வந்த வீட்டில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். காய்ச்சல் விட்டதும் 14 நாள் பிரைமாகுயினை ஐந்தாறு நாளில் நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. கல்லீரலில் உறங்கும் கிருமி சில வாரங்களிலோ மாதங்களிலோ எழும்; காய்ச்சலும் பிளேட்லெட் இறக்கமும் மறுபடி வரும், இம்முறையும் டெங்கு என்றே தேடல் தொடங்கும். பிரைமாகுயின் தொடங்கும் முன் ஜி6பிடி பரிசோதனை செய்வது நல்லது. அந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். கைக்குழந்தைகளுக்கு இதைத் தருவதில்லை. அவர்களுக்கு வைவாக்ஸ் வந்துபோயிருந்தால் அடுத்த ஓராண்டுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், பழைய ரிப்போர்ட்டைக் காட்டி மலேரியாவுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.